அம்ரிதா ஷெர்கிலின் கிராமத்து மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியர் அம்ரிதா ஷெர்கில் என்ற பெயர் இன்று பெரும்பாலும் ஏலச் செய்திகளின் வழியாகவே நம்மை வந்தடைகிறது. கோடிக்கணக்கான ரூபாய் என்ற பேச்சு எழுந்தவுடன், அவர் யாரை வரைந்தார், எப்படி வரைந்தார், வரைந்தவற்றை யார் முன்னால் வைத்தார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. அந்தக் கேள்விகளுக்கான விடைகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அம்ரிதா ஷெர்கில் யார்? அவர் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரா?

இல்லை. அவர் 1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் மஜீதியா, பஞ்சாபின் நிலப்பிரபுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். ஒளிப்படக் கலையில் தீராத ஆர்வம் கொண்டவர். தாய் மேரி ஆன்டுவனெட், ஹங்கேரியைச் சேர்ந்த ஆப்பெரா பாடகி. 1921-இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. 1929-இல் ஓவியம் கற்பதற்காக அம்ரிதாவைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே முதலில் கிராண்ட் ஷோமியேர் கலைக்கூடத்திலும், பிறகு புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் லூசியன் சிமோன் என்னும் ஆசிரியரிடமும் பயின்றார். ஆக, அவர் கிராமத்தை வெளியிலிருந்து வந்து கண்டவர். அதுவும் வசதியான வீட்டின் சாளரத்திலிருந்து கண்டவர். அவருடைய ஓவியங்களின் பலமும் பலவீனமும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

பாரிஸில் பெயர் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில் அவர் ஏன் இந்தியா திரும்பினார்?

1932-இல் தீட்டிய «இளம் பெண்கள்» என்ற ஓவியம் அவருக்குப் பாரிஸின் கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது. 1933-இல் அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20. அங்கேயே தங்கியிருந்தால் ஓர் ஐரோப்பிய ஓவியராக வாழ்ந்திருக்கலாம். ஆனால், தனக்குரிய களம் இந்தியாதான் என்ற எண்ணம் அவருக்குள் வலுத்துக்கொண்டே போனது. அம்ரிதாவின் வண்ணச் செழுமைக்கு மேற்கின் சாம்பல் நிறக் கலைக்கூடங்கள் பொருந்தா என்றும், கிழக்கின் ஒளியில்தான் அவர் தன்னைக் கண்டடைவார் என்றும் ஆசிரியர் சொன்னதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பா பிக்காசோ, மத்தீஸ், பிராக் ஆகிய ஓவியர்களுக்குச் சொந்தம், இந்தியா தனக்கு மட்டுமே சொந்தம் என்ற பொருள்பட அவர் சொன்னதும் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. இருபது சொச்சம் வயதின் மிடுக்கு அது என்று ஒதுக்கிவிடலாம். ஆனாலும் அடுத்த ஏழு ஆண்டுகளை அவர் அந்த வார்த்தைக்கு ஏற்பவே செலவிட்டார். 1934-இன் முடிவில் இந்தியா வந்து சேர்ந்தார்.

திரும்பி வந்தவுடன் யாரை வரைந்தார்?

முதலில் தம் உறவினர்களை. அமிர்தசரசில் குடும்ப வீட்டில் தங்கியிருந்தபோது, உறவுக்காரப் பெண்கள் மூவரை உட்காரவைத்து, 1935-இல் «மூன்று பெண்கள்» என்ற ஓவியத்தைத் தீட்டினார். சிவப்பு, பச்சை, மங்கிய மஞ்சள் என்று அழுத்தமான வண்ணங்களில் உடுத்திய மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. எதற்காகவோ காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

பிறகு சிம்லாவின் மலைவாழ் மக்கள் வந்தார்கள். அதே 1935-இல் பிறந்த «மலைநாட்டு ஆண்கள்», «மலைநாட்டுப் பெண்கள்» ஆகிய இரண்டு ஓவியங்களிலும் உயர்ந்து மெலிந்த உருவங்கள், துணியால் உடலைப் போர்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட வெறுமையான பின்னணியில் நிற்கின்றன. மரமில்லை, வீடில்லை, ஆடுமாடு இல்லை. கிராமக் காட்சி என்று நாம் எதிர்பார்க்கும் அலங்காரங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு மனிதரை மட்டும் எஞ்சவிட்டிருக்கிறார். «மலைநாட்டுப் பெண்கள்» 1978-இல் இந்திய அஞ்சல் தலையாகவும் வெளிவந்தது.

அந்த முகங்கள் ஏன் சிரிப்பதே இல்லை?

இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்துவிட்டது. அதற்கு அவர் எழுத்தில் தந்த விடையின் சாரம் இது: சுற்றுலாச் சுவரொட்டிகள் காட்டும் இந்தியா, வெயிலும் வண்ணமும் களிப்பும் நிறைந்தது, மேலோட்டமானது. தாம் வந்திறங்கியபோது கண்டதோ, குளிர்காலத்தில் சாம்பல் கலந்த மஞ்சள் ஒளியில் விரிந்து கிடந்த வெற்று நிலமும், அதில் நிழல்களைப் போல ஓசையின்றி நடமாடும் ஒல்லியான, கறுத்த, துயரம் தோய்ந்த மனிதர்களும். ஏழை இந்தியர்களின் பணிவையும் பொறுமையையும் ஓவியமாக்குவதே தம் வேலை என்று அவர் தீர்மானித்தார்.

இந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1935-இன் இந்தியக் கிராமம் பணிவும் பொறுமையும் மட்டுமே கொண்டதாக இருக்கவில்லை. சட்டமறுப்பு இயக்கம் ஓய்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. நாட்டின் பல பகுதிகளில் விவசாயிகள் சங்கம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சினத்தின் தடயம் அவருடைய ஓவியங்கள் எதிலும் கிடையாது. தாழ்ந்த இமைகளையும் மூடிய உதடுகளையும் அவர் மனிதர்களிடமிருந்து எடுத்தது பாதி, அவர்கள்மேல் ஏற்றியது பாதி என்றே சொல்லத் தோன்றுகிறது. அதே வேளையில், பார்ப்பவரின் இரக்கத்தைச் சுரண்டும் கண்ணீர்த்துளியையோ ஏந்திய கையையோ அவர் பெரும்பாலும் நாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உருவங்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

வசதி படைத்த ஒருவர் ஏழைகளை வரைந்து பெயர் பெறுவது முறையா?

முறையா என்பதைவிட, அந்த இடைவெளியை அவர் எப்படிக் கையாண்டார் என்று கேட்பது பயனுள்ளது. கிராமத்து மனிதரை வரையும் நகரத்து ஓவியருக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ஒன்று, அவரை அழகாக்கி விற்பது. இடுப்பில் குடம், கூந்தலில் பூ, கன்னத்தில் மாலை வெயில். மற்றொன்று, அவருடைய வறுமையைப் பெரிதாக்கி விற்பது. அம்ரிதா இரண்டையும் ஏறத்தாழத் தவிர்த்தார். தொடக்கத்தில் தீட்டிய «இந்தியத் தாய்» முதலிய சிலவற்றில் இரண்டாவது வழியின் சாயல் இருக்கிறது. 1937-க்குப் பிறகு அந்தச் சாயலும் போய்விடுகிறது. எனினும் உழைக்கும் மக்களின் பெயர்கள் அவருடைய ஓவியத் தலைப்புகளில் இடம்பெறவில்லை. உறவினர்களையும் நண்பர்களையும் வரைந்த உருவப்படங்களில் பெயர்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை அவருடைய ரசிகர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவது வழக்கம்.

அவருடைய தென்னிந்தியப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

1936-இன் இறுதியில் ஓவியங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கண்காட்சிக்காகப் பம்பாய் சென்ற அவர், அங்கிருந்து நேரே திரும்பாமல் அஜந்தா, எல்லோரா, ஐதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று தெற்கே நீண்ட பயணம் மேற்கொண்டார். அப்போது கன்னியாகுமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பம்பாயில் அறிமுகமான வழக்கறிஞரும் கலை விமர்சகருமான கார்ல் கண்டாலாவாலா அவருக்கு ராஜஸ்தானத்துச் சிற்றோவியங்களையும், இமயமலைப் பகுதியின் பஹாரி சிற்றோவியங்களையும் காட்டினார். அந்த நட்பு கடைசிவரை தொடர்ந்தது.

அஜந்தாவைக் காண்பதற்கு முன்பே, ஐரோப்பாவில் இருந்தபோதே, அஜந்தாவின் ஒரு சுவரோவியம் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் முழுவதையும்விட மேலானது என்று பெற்றோருக்கு எழுதியவர் அவர். நேரில் கண்டபோது அந்த வியப்பு பாடமாக மாறியது. குகைச் சுவரில் உருவங்கள் ஒன்றையொன்று தழுவியும் மறைத்தும் நெருங்கி நிற்கின்றன, நிழல் குறைவு, உடலின் விளிம்புக்கோடே அதன் கனத்தைச் சொல்லிவிடுகிறது, பழுப்பு உடல்கள் பழுப்பு மண்ணிலிருந்து முளைத்தவை போலத் தோன்றுகின்றன. பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் கோகேனின் ஓவியங்களிலிருந்து அவர் கற்ற தட்டையான வண்ணப்பரப்பும் இந்தப் பாடமும் எளிதாக ஒன்றுசேர்ந்தன.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. அவற்றைப் பார்த்துக் கோட்டோவியங்கள் எடுத்தார். அங்கே உள்ள இராமாயணக் காட்சிகளில் ஒரு விரல்கடை இடமும் வெறுமையாக விடப்படுவதில்லை. உருவங்கள் அடர்ந்து நெரிந்தாலும் ஒவ்வொன்றின் கோடும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஓவியம் ஓவியத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. தெற்கில் அவர் கண்ட மனிதர்களின் ஆழ்ந்த கருநிறமும், அதன்மேல் வெள்ளை வேட்டியும் முண்டும் நின்ற விதமும் அவருடைய வண்ணத்தட்டையே மாற்றின.

தென்னிந்திய ஓவியங்கள் மூன்று என்று குறிப்பிடப்படுபவை எவை? அவற்றில் என்ன சிறப்பு?

«மணமகளின் அலங்காரம்», «பிரம்மச்சாரிகள்», «சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்» ஆகிய மூன்றும் 1937-இல், பயணத்திலிருந்து சிம்லாவுக்குத் திரும்பிய பிறகு தீட்டப்பட்டவை. இந்த மூன்றையும் ஒரு தொகுதியாகக் கருதுவது வழக்கம். அவர் வாழ்நாளில் எட்டிய உச்சம் இதுவே என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை.

«பிரம்மச்சாரிகள்» ஓவியத்தில் ஐந்து இளைஞர்கள் மேலாடையின்றி அமர்ந்திருக்கிறார்கள். தோளில் பூணூல், இடையில் வெள்ளை வேட்டி. கதை ஒன்றும் இல்லை. எவரும் எதையும் செய்யவில்லை. ஐந்து உடல்களின் நிறமும் ஐந்து விதமாக இருக்கிறது. கருமையிலிருந்து வெளிர் நிறம்வரை படிப்படியாக வேறுபடுகிறது. அதைவிட நுட்பமானது வேட்டிகளின் வெள்ளை. ஒன்று நீலம் கலந்தது, ஒன்று பழுப்பேறியது, ஒன்று பச்சை நிழல் விழுந்தது. வெள்ளை என்பதை ஒரே நிறமாகக் கருதிக் குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் ஓவியர் எவரும் இந்தப் படத்தின்முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். ஐந்து பேரின் தலைகளும் முழங்கால்களும் அமைந்திருக்கும் உயர வேறுபாடுகளைக் கண்ணால் தொடர்ந்து சென்றால், அசையாமல் இருக்கும் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஏற்ற இறக்கம் ஓடிக்கொண்டிருப்பதை உணரலாம்.

«மணமகளின் அலங்காரம்» இதற்கு இணையான பெண்கள் உலகம். நடுவில் வெளிர்நிற உடலோடு மணப்பெண்; சிவந்த உள்ளங்கைகள்; அவளுக்குத் தலைவாரி அலங்கரிக்கும் கரிய நிறப் பெண்கள்; அருகே குழந்தைகள். கல்யாண வீடு என்றால் நமக்கு நினைவுக்கு வரும் ஆரவாரம் எதுவும் இல்லை. மணமகளின் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை. தனக்கு நடப்பதைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பவளைப் போல இருக்கிறாள். வெளிர்நிறப் பெண்ணை நடுவிலும் கரிய நிறப் பெண்களைப் பணிவிடை செய்பவர்களாகவும் வைத்திருப்பது சாதியையும் நிறத்தையும் பற்றிய ஓர் அவதானிப்பா, அல்லது வண்ண அமைப்புக்கான ஏற்பாடு மட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஓவியத்தில்தான் கிராமம் என்ற சொல் தலைப்பிலேயே வருகிறது. கறுத்த உடல்களும் வெள்ளைத் துணியும் சேர்ந்து ஒரு கூட்டமாக நிற்கின்றன. சந்தைக்குப் போகிறவர்கள் என்று தலைப்பு சொன்னாலும் போவதற்கான அவசரம் எவரிடமும் இல்லை. நம்மூர்ச் சந்தைநாளின் இரைச்சலை அறிந்தவர்களுக்கு இந்த அமைதி சற்று அந்நியமாகவே படும்.

ஆட்களை நிறுத்திவைத்து வரைந்தாரா, நினைவிலிருந்து வரைந்தாரா?

இரண்டும் உண்டு, காலப்போக்கில் முதலாவது குறைந்து இரண்டாவது கூடியது. பாரிஸ் பயிற்சியின் அடிப்படையே ஆளை எதிரே நிறுத்தி, மணிக்கணக்கில் பார்த்து வரைவதுதான். தெற்குப் பயணத்தில் எடுத்த சிறு கோட்டோவியங்களையும் கண்ணில் பதிந்தவற்றையும் கொண்டு, சிம்லாவின் அறையில் பெரிய திரைச்சீலை ஓவியங்களை உருவாக்க நேர்ந்தபோது, தேவையற்ற விவரங்கள் தாமாகவே உதிர்ந்தன. ஒரு சேலையின் மடிப்பு ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்க முடியாது. அது விழும் திசையை மட்டுமே வைத்திருக்க முடியும். அந்த ஓவியங்களின் எளிமைக்கு இது ஒரு நடைமுறைக் காரணம். ஒளிப்படத்தை அப்படியே திரைச்சீலைக்கு மாற்றும் இன்றைய வழக்கத்தில் இந்த உதிர்தல் நடப்பதற்கு வாய்ப்பே இல்லை.

அவருடைய கண்காட்சிகளுக்கு என்ன வரவேற்பு இருந்தது?

சீரான வரவேற்பு என்றும் இருந்ததில்லை. 1935-இல் சிம்லா நுண்கலைச் சங்கம் அவர் அனுப்பியவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறொன்றுக்குப் பரிசு அறிவித்தது. தாம் சிறந்தவை என்று கருதியவற்றை ஒதுக்கிவிட்டுத் தரப்பட்ட அந்தப் பரிசை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்களுடைய மனைவியரும் நிறைந்திருந்த ஒரு மலைநகரச் சங்கத்துக்கு அப்படிச் செய்வது அன்று எளிய காரியமல்ல.

பம்பாயில் 1936-இல் தாஜ் மகால் ஹோட்டலில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. விமர்சகர்கள் பாராட்டினார்கள், வாங்கியவர்கள் குறைவு. ஐதராபாத்தில் கலைப்பொருள் சேகரிப்பாளரான சாலார் ஜங் அம்ரிதாவின் ஓவியங்களைச் சில நாள் வைத்திருந்துவிட்டு, வாங்காமல் திருப்பி அனுப்பினார். விக்டோரியா காலத்து ஐரோப்பிய ஓவியங்களால் நிறைந்திருந்த அவருடைய சேகரிப்பைப் பற்றி அம்ரிதா முகத்துக்கு நேரே சொன்ன கருத்துதான் அதற்குக் காரணம் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுவதுண்டு. கையில் பணமில்லாத காலத்திலும் வாயை அடக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

1937-இல் பம்பாய்க் கலைச் சங்கம் «மூன்று பெண்கள்» ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் லாகூரின் ஃபலெட்டி ஹோட்டலில் நடந்த தனிக் கண்காட்சி, அவருடைய வாழ்நாளில் நடந்தவற்றுள் மிகவும் வெற்றி பெற்றது எனலாம். தென்னிந்திய ஓவியங்கள் அங்கே இடம்பெற்றன. லாகூரில் வாழ்ந்த ஹங்கேரிய விமர்சகர் சார்லஸ் ஃபாப்ரி அவற்றைப் பற்றி உற்சாகமாக எழுதினார்.

இந்த ஓவியங்களைக் கிராமத்து மக்கள் பார்த்தார்களா?

தாஜ் ஹோட்டலுக்குள்ளும் ஃபலெட்டி ஹோட்டலுக்குள்ளும் அவர்கள் வந்திருக்க வழியில்லை. கிராம உருவ ஓவியம் என்ற வகையின் மையத்தில் இருக்கும் முரண் இது: வரையப்படுகிறவர் ஓரிடம், பார்க்கிறவர் வேறிடம்.

இதற்கு ஒரு மாற்று அதே காலத்தில் நடந்தது. 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா என்ற கிராமத்தில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, காந்தியின் வேண்டுகோளை ஏற்று ஓவியர் நந்தலால் போஸ் சாந்திநிகேதனிலிருந்து மாணவர்களோடு வந்து நூற்றுக்கணக்கான சுவரொட்டி ஓவியங்களை உருவாக்கினார். உழவர், தச்சர், மேளக்காரர், பால் கடையும் பெண், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் என்று கிராமத்து வாழ்க்கையைக் கையால் செய்த தாளில், விரைந்த தூரிகைக் கோடுகளில் தீட்டி, பந்தல்களிலும் நுழைவாயில்களிலும் மாட்டினார்கள். வரையப்பட்டவர்களும் பார்த்தவர்களும் ஒரே மக்கள். கலைநுட்பத்தில் அம்ரிதாவின் ஓவியங்கள் இன்னும் ஆழமானவை என்பது என் கருத்து. கண்காட்சி என்ற செயலை அதன் வேரிலிருந்து யோசித்தவர் நந்தலால்தான். நந்தலால் சார்ந்திருந்த வங்காள ஓவியப் பாணியின் மீது அம்ரிதாவுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருக்கவில்லை. அதில் கடந்த காலத்தின் மீதான ஏக்கமே மிகுதி என்று கருதினார். ஹரிபுராவுக்கு அந்தக் குறை பொருந்தாது.

ஆனால் அம்ரிதாவுக்குச் சேர வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. தம் ஓவியங்களைப் பார்க்கப்போவது ஹோட்டல் விருந்தினர்கள்தாம் என்று தெரிந்திருந்தும், அவர்களுடைய வரவேற்பறைக்கு இதமான கிராமத்தை அவர் தீட்டித் தரவில்லை. விற்பனை குறைந்ததற்கும் அதுவே காரணம்.

அவர் ஹங்கேரியக் கிராமங்களையும் வரைந்தாரா?

ஆம். 1938-இல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை ஜூலை மாதம் மணந்து, 1939-இல் இருவரும் இந்தியா திரும்பும்வரை அங்கே இருந்தார். அப்போது தீட்டிய «ஹங்கேரியச் சந்தைக் காட்சி»யில் வெள்ளைத் தேவாலயத்தின் கீழே கறுப்பு உடையணிந்த சிறிய உருவங்கள் சிதறி நிற்கின்றன. பழைய பிளெமிய ஓவியர் புரூகலின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியாது. உருளைக்கிழங்கு தோல் சீவும் ஒரு பெண்ணையும் அக்காலத்தில் வரைந்தார். கிராமத்தார் என்றாலே இந்திய ஏழை என்ற சூத்திரத்துக்குள் அவர் அடைபட்டுவிடவில்லை என்பதற்கு இவை சான்று.

கடைசி ஆண்டுகளில் அவருடைய கிராமம் மாறியதா?

பெரிதும் மாறியது. கோரக்பூர் அருகே சராயா என்ற ஊரில் குடும்பத்துக்குச் சொந்தமான சர்க்கரை ஆலையும் நிலமும் இருந்தன. கணவர் அங்கே மருத்துவராகப் பணியாற்ற, அம்ரிதா அந்த ஊரையே வரைந்தார். ஆளுயரத்துக்கு நெருங்கிய பெரிய உருவங்கள் சுருங்கின. நிலமும் மரமும் யானையும் சுவரும் உள்ளே வந்தன. சிற்றோவியங்களிலிருந்து கற்ற சூடான சிவப்பும் அடர்ந்த பச்சையும் பழுப்பின் இடத்தைப் பிடித்தன.

மனிதர்களும் மாறினார்கள். 1940-இன் «மஞ்சள் அரைப்பவர்கள்» ஓவியத்தில் பெண்கள் மரங்களின் நடுவே வேலை செய்கிறார்கள். அதே ஆண்டின் «கயிற்றுக்கட்டிலில் இளைப்பாறும் பெண்» ஓவியத்தில் சிவப்பு உடையணிந்த பெண் உடலைத் தளர்த்திப் படுத்திருக்கிறாள். அருகில் விசிறியோடு மற்றொருத்தி. இவர்களைப் பொறுமையின் சின்னங்கள் என்று சொல்ல முடியாது. வெயில் நேரத்துச் சலிப்பு, ஓய்வு, வம்புப்பேச்சு, உடலின் ஆசை எல்லாம் இங்கே இருக்கின்றன. தென்னிந்திய ஓவியங்களைத்தான் உச்சம் என்று சொன்னேன். இன்னும் பத்தாண்டு கிடைத்திருந்தால் அந்த இடத்தைச் சராயா பிடித்திருக்கவும் கூடும்.

1941-இல் தம்பதியர் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டிசம்பரில் அங்கே ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடாகியிருந்த நிலையில், திடீரென நோயுற்று, டிசம்பர் 5 அன்று 28 வயதில் காலமானார். அவர் இல்லாமலேயே அந்தக் கண்காட்சி நடந்தது. மாடியிலிருந்து தெரிந்த வீடுகளையும் எருமைகளையும் கொண்ட ஓவியம் ஒன்று முடிவடையாமல் நின்றுவிட்டது.

இப்போது ஏன் இவ்வளவு விலை?

1976-இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அதன்படி, இந்தியாவில் உள்ளவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. படைப்புகளின் பெரும்பகுதி ஏற்கெனவே தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. குறுகிய வாழ்நாளில் தீட்டியவை குறைவு. அவற்றிலும் சந்தைக்கு வருபவை மிகக் குறைவு. 2021-இல் «பெண்கள் பகுதியில்» என்ற 1938-ஆம் ஆண்டு ஓவியம் 37.8 கோடி ரூபாய்க்கும், 2023 செப்டம்பரில் «கதைசொல்லி» என்ற 1937-ஆம் ஆண்டு ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கும் ஏலம் போயின. பின்னது அன்றைய தேதியில் இந்திய ஓவியம் ஒன்று ஏலத்தில் பெற்ற மிக உயர்ந்த விலை. 2025 மார்ச்சில் எம். எஃப். ஹுசைனின் «கிராம யாத்திரை» நியூயார்க்கில் 1.38 கோடி டாலருக்கு விற்று அதைக் கடந்தது. அதுவும் கிராமத்து மனிதர்களைத் தீட்டிய ஓவியமே என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு ஓவியர்களின் கிராமத்துப் பெண் உருவங்களோடு இவற்றை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். 2021-இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். கதவிடுக்கிலும் சன்னலோரத்திலும் விழும் ஒளி, தாவணியின் நூலிழை, பித்தளைப் பாத்திரத்தின் பளபளப்பு எல்லாம் தொட்டுப் பார்க்கும்படி இருக்கும். அது விவரத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒருவரை நமக்கு அருகில் கொண்டுவரும் முறை. அம்ரிதாவினுடையது விவரத்தைக் கழித்துக் கழித்து உருவத்தின் கனத்தை மட்டும் நிறுத்தும் முறை. இளையராஜாவின் பெண்ணை நமக்குத் தெரிந்தவள் என்று சொல்லத் தோன்றும். அம்ரிதாவின் பெண்ணிடம் அந்த உரிமை நமக்குக் கிடைப்பதில்லை. கரிய நிறத்தை மறைக்காமலும் பூசி மெழுகாமலும் மரியாதையோடு தீட்டியதில் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

அவருடைய ஓவியங்களை எங்கே நேரில் பார்க்கலாம்?

தில்லியில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தில். திங்கட்கிழமை விடுமுறை. «பிரம்மச்சாரிகள்», «மணமகளின் அலங்காரம்», «மூன்று பெண்கள்» எல்லாம் அதன் சேகரிப்பில் உள்ளவை. ஆயினும் எந்நேரமும் எல்லாமே சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. அச்சிலும் திரையிலும் பார்க்கும்போது பழுப்புகள் அனைத்தும் ஒன்றாகக் கலந்து அழுக்கு நிறமாகிவிடுகின்றன. நேரில்தான் அவை பிரிந்து தெரியும்.

பயிற்சிக்காக அவருடைய ஓவியங்களைப் பிரதி எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அம்ரிதாவின் படைப்புகளுக்கு அது 2001-இன் முடிவோடு தீர்ந்துவிட்டது. பிரதியை அசல் என்று சொல்லி விற்பதும், அவருடைய கையொப்பத்தை இடுவதும் குற்றம். பிரதி என்று பின்புறம் தெளிவாக எழுதிவிட வேண்டும். தொடங்குவதற்கு «மலைநாட்டுப் பெண்கள்» எளிது என்று தோன்றும். ஆனால் «பிரம்மச்சாரிகள்» ஓவியத்தின் ஒரே ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு, குழாய் வெள்ளையைத் தனியாக எங்கும் தொடாமல், நீலமும் காவியும் பச்சை மண்ணும் சிறிது சிறிதாகச் சேர்த்து அந்த வெள்ளையை வரவழைக்க முயல்வது அதைவிடப் பயனுள்ள பயிற்சி. அது கைவந்த பிறகு பக்கத்து வேட்டிக்குப் போகலாம்.